வாழைக்காய்த் தோலும் என் மாமியாரும்

சித்திரை மாதத்து மதியம். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கால் வைக்க முடியாது. அங்கே மாமனாரின் பழைய வேட்டி ஒன்றை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, அதன்மேல் வாழைக்காய்த் தோலைப் பரப்பியிருக்கும். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய நிழலில் ஒரு முக்காலி. முக்காலியில் என் மாமியார். ஒரு கையில் கறுப்புக் குடை, மறு கையில் துணி உலர்த்தும் கொடிக்கம்பு. காக்காய் ஒன்று கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும். மாமியார் கம்பை ஓங்குவார். "போ, சனியனே. இது வடாமில்லை, பிஹெச்டி." காக்காய்க்கு வாழைக்காய்த் தோல்மேல் அப்படியொன்றும் ஆசை கிடையாது என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். வெயிலில் காய்கிற எதையும் காக்காயிடமிருந்து காப்பாற்றியாக வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த நியாயம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமான புதிது. அடையாறு பாலத்தைத் தாண்டி ஒரு பல்கலைக்கழகத் துறையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தேன். வேளாண் கழிவுகளில் மருந்துச் சத்து ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. ஒருத்திக்குக் கரும்புச் சக்கை, ஒருத்தனுக்கு நெல் உமி, எனக்கு வாழைக்காய்த் தோல். தோல் எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டியதே இல்லை. மாட வீதிப் பக்கம் வாழைக்காய் வறுவல் போடுகிற கடை ஒன்று இருந்தது. சாயங்காலம் பையோடு போய் நின்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாமா, தோலு கேக்குறே? வூட்ல மாடு கீதா?" என்றார். மாடு இல்லை, படிக்கிறேன் என்றேன். "தோலையா படிக்கிறே?" என்று கேட்டுவிட்டு, எண்ணெய்ச் சட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, நல்லா படி" என்று சொல்லிப் பையை நிரப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் நான் போகாத நாட்களில்கூட எனக்கென்று தோலை எடுத்து வைத்திருப்பார்.

மருமகள் குப்பையைப் பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் எந்த மாமியார் சும்மா இருப்பார்? நானும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் முதல் நாள் நுழைந்தேன். அவர் பையைத் திறந்து பார்த்தார், மோந்து பார்த்தார். "இதுல துவையல் அரைப்பா, தெரியும். மருந்துமா இருக்கு?" என்றார். இருக்கிறதா என்று பார்க்கத்தான் படிக்கிறேன் என்றேன். "இருந்தா?" இருந்தால் கட்டுரை எழுதலாம், பட்டம் கிடைக்கும், குப்பைக்குப் போகிறதை உருப்படியாக ஏதாவது செய்யலாம். அவர் யோசித்தார். "ஏண்டிம்மா, நீ கார்த்தால பஸ்ஸுக்கு ஓடிண்டு இருக்கே. இதைக் காயப் போடறதுக்கெல்லாம் உனக்கு ஏது நேரம்? கழுவிக் காய வைக்கணும், அவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன்" என்றார். என் மாமியாருக்கு வேலை என்று ஒன்றைக் கொடுத்தால் போதும், அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போவார். ஒரே வாரத்தில் கோயில் பிராகாரம், பாட்டுக் கிளாஸ், ஆழ்வார்பேட்டையில் இருந்த நாத்தனார் வீடு எல்லா இடத்திலும் செய்தி பரவிவிட்டது. "எங்காத்துல மருந்து கண்டுபிடிச்சுண்டு இருக்கோம்." கண்டுபிடித்துக்கொண்டு இருக்கிறாள் என்று ஒருநாளும் சொல்லவில்லை. இருக்கோம்தான்.

எங்கள் சோதனை எளிமையானது. கிருமியைப் பரப்பிய கண்ணாடித் தட்டில், தோலின் சாற்றில் நனைத்த சின்னக் காகித வில்லையை வைப்போம். மறுநாள் பார்த்தால், சாற்றில் சரக்கு இருக்கிற பட்சத்தில் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வளையம் தெளிவாக விட்டுப்போயிருக்கும். மாமியார் காய வைத்துக் கொடுத்த தோலின் சாறு நல்ல மஞ்சள் நிறமாக இருந்தது. வளையம் என்றால் அப்படி ஒரு வளையம். தட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஆய்வகத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். பேராசிரியர் சிரிக்கிற ஆள் இல்லை. அவரே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். தாவரங்களில் இருக்கும் நல்ல சத்துகளில் ஒரு வகை மஞ்சளாகத்தான் இருக்கும். ஆகவே நிறமும் பொருந்தியது, வளையமும் பொருந்தியது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஐப்பசி மழை வந்தது. மொட்டைமாடி ஈரம். தோலை ஆய்வகத்திலேயே நான் கழுவி ஓவனில் உலர்த்தினேன். சாறு பழுப்பாக வந்தது. வளையம் இருந்ததா இல்லையா என்று கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மறுபடி செய்தேன், அதே கதை. வெயில் திரும்பி, மாடியில் காய்ந்த தோல் வந்ததும் மஞ்சள் சாறும் பெரிய வளையமும் கூடவே வந்துவிட்டன. பேராசிரியரும் நானும் உட்கார்ந்து பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மெட்ராஸ் வெயிலில்தான் விஷயம் இருக்கிறது. சூரிய ஒளி படும்போது தோலுக்குள் ஏதோ மாற்றம் நடக்கிறது, அந்த மாற்றத்தில் ஒரு புதிய பொருள் உண்டாகிறது. எவ்வளவு அழகான கருத்து. அடுத்த கோடையிலும் செய்து பார்த்தோம், அப்படியே பலித்தது. பேராசிரியர் துறைக் கருத்தரங்கில் அதைச் சொன்னார். மாமியாரிடம் நான் சொன்னபோது, "வெயிலுக்கு அப்படி ஒரு சக்தியா? அதான் எனக்கு மண்டை இடிக்கறது" என்றார்.

அந்தப் புதிய பொருள் என்னவென்று பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டம் வந்தது. வெள்ளை மாவு பூசிய கண்ணாடித் தகட்டில் சாற்றை ஒரு பொட்டாக வைத்துக் கரைசலில் நிறுத்தினால், சாற்றிலுள்ள ஒவ்வொரு பொருளும் தனித்தனிப் பொட்டாக மேலே ஏறி நிற்கும். என் தகட்டில் பளிச்சென்று ஒரு மஞ்சள் பொட்டு ஏறி நின்றது. அது நாங்கள் எதிர்பார்த்த வகையைச் சேர்ந்ததா என்று பார்க்க அம்மோனியா பாட்டிலின் வாய்க்கு நேரே தகட்டைக் காட்ட வேண்டும். காட்டினேன். மஞ்சள் இன்னும் மஞ்சளாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணெதிரே பொட்டு சிவந்துபோயிற்று. அந்தச் சிவப்பை எனக்கு நன்றாகத் தெரியும். என் கல்யாணத்தன்று வாசலில் நிற்க வைத்து என்னைச் சுற்றியது அதே சிவப்புதான். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து கரைத்தால் வருகிற ஆரத்திச் சிவப்பு. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மளிகைக் கடையிலிருந்து கொஞ்சம் மஞ்சள்பொடி வரவழைத்துப் பக்கத்திலேயே ஒரு பொட்டு வைத்து ஓட்டினேன். இரண்டு பொட்டும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், அக்கா தங்கை மாதிரி நின்றன. பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு பொட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம், இருக்காது, இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே வந்தேன். மாமியார் அடுக்களையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா, தோலை எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "எப்படிக் கழுவுவா? மஞ்சப்பொடி போட்ட ஜலத்துல ஊற வெச்சு அலசுவேன். இல்லேன்னா கறுத்துப் போயிடாதோ?" எந்த வீட்டில் வாழைக்காய் நறுக்கினாலும் மஞ்சள் தண்ணீரில்தான் போடுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். சொல்லித் தருவதற்கோ சொல்லிவிட்டுச் செய்வதற்கோ அதில் ஒன்றுமே இல்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மாமியார் பயந்துபோய் அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது. "ஐயையோ, பிள்ளையார் பிடிக்கப் போய் இப்படி ஆயிடுத்தே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மெல்லக் கேட்டார். "அப்போ மஞ்சள்ல மருந்து இருக்குன்னு நிரூபணம் ஆயிடுத்தோல்லியோ? அதுக்குப் பட்டம் தரமாட்டாளா?" அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும் அம்மா என்றேன். "எல்லாருக்கும் தெரிஞ்சதை நீ கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சா அதுக்கு மதிப்புக் கிடையாதா? நன்னாயிருக்குடி உங்க படிப்பு." சண்டை போடவும் முடியாமல் நான் சிரித்துவிட்டேன்.

பேராசிரியர் கோபிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பழைய முடிவுகளைக் கருத்தரங்கில் சொல்லியாகிவிட்டது. அவற்றை மறைத்துவிட்டுப் புதிதாக எழுத முடியாது. நடந்ததை நடந்தபடியே ஆய்வேட்டில் எழுத வேண்டும். "நான் உங்களை நம்புறேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்லருந்து வர்றவர் நம்பணும். நல்ல முடிவு வரணும்னு இந்தப் பொண்ணே மஞ்சளைக் கலந்துட்டு, மாட்டிக்கிட்டதும் கதை சொல்றாளோன்னு நினைக்கலாம். அப்படி நினைச்சுட்டா பட்டம் போறது ஒரு பக்கம், பேரும் சேர்ந்து போயிரும்." எனக்கு அதுதான் பயம். பட்டம் இல்லாமல் எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள். பொய்க்காரி என்ற பெயரோடு எந்த ஆய்வகத்தில் போய் நிற்பது? ஆய்வேட்டில் எழுதினேன்: உலர்த்தும் பணியில் உதவிய ஒருவர், வழக்கமான சமையல் முறைப்படி, மஞ்சள் கலந்த நீரில் தோலைக் கழுவியது பின்னர் தெரியவந்தது. ஒருவர் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மாமியாரை அச்சில் ஏற்றிக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு முதலிலிருந்து தொடங்கினோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த வருஷம்தான் எங்கள் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லாமல் போனது. மாமியார் இப்போது மஞ்சளுக்கு எதிரி. தோல் வீட்டுக்குள் வருகிற நாளில் மஞ்சள் டப்பா பூஜை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். சாம்பார் வெளுத்துப்போய் வரும், மாமனார் வாயைத் திறக்கமாட்டார். அலசுகிற பாத்திரம் தனி, விரிக்கிற வேட்டி புதிது. அதற்குமுன் அவர் குளித்து, யாரும் தொடாமல் மடியாக இருக்கும்போது நாங்கள்தான் ஒதுங்கிப் போக வேண்டும். இப்போது தோல் மடியாகிவிட்டது, அவர் ஒதுங்கிப் போனார். வெள்ளிக்கிழமைகளில் முகத்துக்கு மஞ்சள் பூசிக் குளிப்பார் அல்லவா, அன்றைக்கு மாடிப்படியில் கால் வைக்கமாட்டார். "இன்னிக்கு நான் தீட்டு, உன் தோலுக்கு" என்று கீழேயே நின்றுகொண்டு மாமனாரைக் குடையும் கம்புமாக மேலே அனுப்புவார். அவர் பேப்பரை மடித்துக்கொண்டு, "ரிட்டயர் ஆனப்புறம் எனக்குக் காக்கா டிபார்ட்மென்ட்ல வேலை" என்று முணுமுணுத்தபடி ஏறுவார். வளையங்கள் இப்போது சின்னதாக வந்தன. ஆனால் வெயிலில் காய்ந்தாலும் ஓவனில் காய்ந்தாலும் ஒரே அளவில் வந்தன, திரும்பத் திரும்ப வந்தன. சின்ன வளையம்தான், நிஜ வளையம். மாமியாரை ஒருநாள் ஆய்வகத்துக்கு அழைத்துப்போய்த் தட்டைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "பாவம், இத்துனூண்டா இருக்கே. இருந்தாலும் நம்மளோடது" என்றார்.

வாய்மொழித் தேர்வு எல்லோரும் வந்து பார்க்கலாம் என்ற முறையில் நடக்கும். மாமியார் அரக்குப் பட்டுப் புடவையில், பாட்டுக் கிளாஸ் தோழிகள் இருவரோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எங்காத்து மருந்து என்று அவர் யாரிடம் பெருமையடித்தாரோ, அதே தோழிகள். தேர்வாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டு செருகி வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்டார், நானும் தடுமாறாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். மஞ்சள் விஷயம் எழுதிய பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். தமிழில் கேட்டார். "யாரோ ஒருத்தர் மஞ்சத் தண்ணில கழுவிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு கோடையும் கழுவியிருக்காங்க, உங்களுக்குத் தெரியலை. சொல்லுங்க, அப்படி ஒருத்தர் நிசமாவே இருக்காங்களா?"

இருக்கிறார், என் மாமியார்தான், அதோ உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அந்தத் தோழிகள் நடுவில் அவரைத் தலைகுனிய வைத்து நான் வாங்குகிற பட்டம் எனக்கு எதற்கு? சொல்லாமல் நின்றாலோ, நான் பொய்க்காரி. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. பேராசிரியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் பேனாவை மூடப் போனார்.

"இருக்கேன்."

கடைசி வரிசையில் என் மாமியார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "நான்தான் கழுவினேன். இவளோட மாமியார். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கார்த்தால போனா பொழுது சாஞ்சு வருவா." தேர்வாளர் எழுந்துவிட்டார், வயதுக்கு மரியாதை. "ஏனுங்கம்மா மஞ்சள் போட்டீங்க?" என்று கேட்டார். "வாழைக்காயை மஞ்சள் ஜலத்துல போடாம யாராவது வெப்பாளா? உங்காத்துல எப்படி?" தேர்வாளர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "எங்கம்மாவும் போடுவாங்க" என்றார். "பின்னே?" என்றார் மாமியார். அவ்வளவுதான், அரங்கமே சிரித்தது. பேராசிரியர் சிரித்து நான் முதல்முறையாகப் பார்த்தேன். தேர்வாளர் உட்கார்ந்து, ஆய்வேட்டிலிருந்து அந்தப் பக்கத்துக் காகிதத் துண்டை உருவிப் போட்டுவிட்டு, "சாட்சியே வந்தாச்சுங்க. அடுத்த கேள்விக்குப் போலாம்" என்றார். அடுத்த கேள்வி என்ன, அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. பட்டம் கிடைத்தது.

ஆட்டோவில் திரும்பும்போது மாமியார் அடையாறு பாலம் வரைக்கும் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே வந்தார். கையைப் பிடித்தேன். "எழுந்துக்கறச்சே, பட்டுப் புடவையெல்லாம் கட்டிண்டு எல்லார் எதிர்லயும் மானம் போறதேன்னு இருந்தது. ஆனா உன் மூஞ்சியைப் பாத்தேன்." பிறகு சந்தேகத்தோடு கேட்டார். "அந்த மனுஷர் என்னை நம்பிட்டாரோல்லியோ?" நம்பினார் அம்மா, உங்களை நம்பாமல் யார் இருப்பார்கள் என்றேன். "அப்பாடா" என்று சொல்லிவிட்டு, மந்தைவெளி வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். பின்னால் வேறு ஆட்டோவில் வந்த தோழிகள் அன்று சாயங்காலமே, வெள்ளைக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்த ஆளை நம்ம மாமி எழுந்து நிற்க வைத்துவிட்டாள் என்று மயிலாப்பூர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

மாமியார் போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. நான் இப்போது ஊர் ஊராகத் தேர்வாளராகப் போகிறேன். இன்றைக்கு உலர்த்த, அரைக்க, பிரிக்க எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அரங்கங்களில் குளிர்சாதனம் ஓடுகிறது, பிள்ளைகள் திரையில் வண்ணப் படம் காட்டுகிறார்கள். ஆனாலும் சில நேரம் ஒரு பெண்ணோ பையனோ ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்ல முடியாமல், அன்று நான் நின்ற மாதிரி, வாயைத் திறந்தபடி நிற்கும். எனக்கு உடனே அவசரப்பட்டு எதையும் எழுதத் தோன்றாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி வரிசையைப் பார்ப்பேன், யாராவது எழுந்திருக்கிறார்களா என்று. இதுவரைக்கும் யாரும் எழுந்ததில்லை. நானும் பார்ப்பதை விட்டதில்லை.